தறிக்குழியும் ஈரக் கரிசலும்: கால் சில்லிட்டால் என் செய்வது?

கோவில்பட்டிக் கரிசல் சீமையில் குளிரைப் பற்றி ஒரு கட்டுரையா என்று அங்கத்தினர்களில் சிலர் வியப்படையக்கூடும். சித்திரை, வைகாசியில் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் பூமி இது. மார்கழி விடியலிலும் ஒரு போர்வை இருந்தால் போதும். ஆயினும், "உடம்பில் சூடு இருக்கிறது, பாதம் மட்டும் ஐஸ் மாதிரி சில்லிட்டுக் கிடக்கிறது" என்று குறைப்படுவோர் நம்மிடையே குறைவல்லர். தறியில் அமரும் நெசவாளரும், பனிப் புல்லை மிதித்துக் களையெடுக்கச் செல்லும் பெண்டிரும், இரவுக் காவலுக்குப் புஞ்சையில் தங்கும் முதியோரும் இதனைச் சொல்கின்றனர். சொன்னவுடன் வீட்டில் கிடைக்கும் பதில், "எண்ணெயைக் காய்ச்சித் தேய், சுக்குக் கஷாயம் குடி" என்பதே.

அந்தப் பதில் பெரும்பாலும் சரியானது; சில வேளைகளில் மிகவும் தவறானது. எப்போது சரி, எப்போது தவறு என்பதை நாம் அறிந்திருப்பது நலம். பனி உறையும் நாடுகளில் கால் குளிர்ந்தால் பருவத்தின் மீது பழியைப் போட்டுவிடலாம். நம்முடையதோ வெயில் பூமி. இங்கே ஒருவருக்கு ஆண்டு முழுவதும் பாதம் குளிர்ந்தே இருக்குமானால், அதற்குப் பருவம் மட்டும் காரணமாக இருக்க முடியாது.

கால் ஏன் குளிர்கிறது?

நமது உடலின் உட்பகுதி ஏறக்குறைய 37 பாகை செல்சியஸ், அதாவது 98.6 பாகை பாரன்ஹீட் வெப்பத்தில் இருந்துவருகிறது. இருதயம், ஈரல், மூளை ஆகியவை செவ்வனே இயங்க இவ்வெப்பம் அவசியம். வெளியே குளிர் மிகும்போது, உட்பகுதியின் சூட்டைக் காப்பதற்காக உடல் ஒரு சிக்கன நடவடிக்கையை மேற்கொள்கிறது. கைகால்களின் தோலுக்குச் செல்லும் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. சூடான இரத்தம் குறைவாகச் செல்வதால் விரல்களும் பாதமும் குளிர்கின்றன. இது நோயன்று, இயல்பான தற்காப்பே ஆகும்.

பாதத்திற்கு வேறு இரு இடர்ப்பாடுகளும் உண்டு. அது இருதயத்திலிருந்து மிகத் தொலைவில் உள்ளது. மேலும், பாதத்தில் தசை குறைவு. எலும்பும் தசைநாரும் தோலுமே மிகுதி. தசை அசையும்போது உடலில் சூடு பிறக்கிறது. காலுக்குச் சென்ற இரத்தத்தை மேலே தள்ளும் வேலையையும் கெண்டைக்கால் தசையே செய்கிறது. அதனால்தான் அதனை இரண்டாவது இருதயம் என்று மருத்துவர்கள் சிறப்பிக்கின்றனர். நடப்பவனின் கால் சூடாக இருப்பதற்கும், நெடுநேரம் ஓரிடத்தில் அமர்ந்திருப்பவனின் கால் சில்லிடுவதற்கும் காரணம் இதுவே.

குழியும் கரிசலும்

குழித்தறியில் நெய்பவர் தரை மட்டத்தில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதிக்கின்றார். குழிக்குள் காற்றோட்டம் குறைவு. வெயில் எட்டிப் பார்ப்பதில்லை. பருத்தி நூல் உலர்ந்தால் இழை அறுபடும் என்பதால் தறிக்கூடத்தில் சற்றே ஈரக்காற்று இருப்பதையே நாம் விரும்புகிறோம். நூலுக்கு நன்மையான அந்த ஈரம் காலுக்கு நன்மையானதன்று. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வலுக்கும்போது குழியின் சுவரில் நீர் கசிகிறது. சில வீடுகளில் ஊற்றே கிளம்பித் தறி நின்றுபோகிறது. நீரை இறைத்துவிட்டு மறுநாளே ஈரக்குழியில் காலை விடுவது நம்மில் பலருடைய வழக்கம்.

விவசாயிகளின் நிலையும் இதற்கு அப்பாற்பட்டதன்று. கரிசல் மண் நீரை எளிதில் விடாது. மானாவாரிப் பயிருக்கு அந்தக் குணமே உயிர். பருத்தியும் கம்பும் உளுந்தும் அந்த ஈரத்தை நம்பியே விளைகின்றன. கோவில்பட்டியில் 1901-ஆம் ஆண்டு தொடங்கிய விவசாய ஆராய்ச்சி நிலையம் இன்றளவும் மானாவாரிப் பயிர்களில் கருத்தைச் செலுத்தி வருவதும் இம்மண்ணின் தன்மை பற்றியே. ஆனால் பயிரின் வேரைக் காக்கும் அதே ஈரமண், களையெடுப்போரின் காலில் அப்பை அப்பையாக ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் உலராமல் இருக்கிறது.

ஈரமும் மிதமான குளிரும் அசைவின்மையும் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் ஒரு பெரிய சான்று உண்டு. 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில் ஐரோப்பாவின் பதுங்கு குழிகளில் நீரில் நின்ற படைவீரர்கள் ஆயிரக்கணக்கானோர் கால் மரத்துப்போய், வீங்கி, சிலர் பாதத்தையே இழந்தனர். நீர் உறையும் அளவுக்குக் குளிர் இருக்கவேண்டியதில்லை என்பதை மருத்துவர்கள் அப்போது கண்டறிந்தனர். கால் நெடுநேரம் நனைந்தே இருந்தால், 15, 16 பாகை செல்சியஸ் வெப்பத்திலுங்கூட அந்நோய் வரலாம். இதற்கு அவர்கள் கண்ட பரிகாரம் மிக எளியது: காலைத் துடைத்து உலர்த்துவது, எண்ணெய் தேய்ப்பது, உலர்ந்த காலுறை மாற்றுவது. இதனை ஒவ்வொருவரும் தாமே செய்வார்கள் என்று விட்டுவிடாமல், இரண்டிரண்டு பேராகச் சேர்த்து, ஒருவர் காலை மற்றவர் பார்க்கும்படி கட்டளையிட்டார்கள். அதன் பின் நோய் பெரிதும் குறைந்தது. ஒருவர் காலை மற்றவர் பார்ப்பது என்னும் இவ்வேற்பாடு கூட்டுறவாளர்களாகிய நாம் மனத்தில் இருத்தத்தக்கது.

நமது தறிக்குழி பதுங்கு குழியன்று. நமக்கு அத்தகைய கொடுமை நேர்வதில்லை. ஆனால் விதி ஒன்றே: ஈரத்தை நீக்காமல் சூட்டைத் தேடுவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதற்கு ஒப்பாகும்.

முதற் சோதனை: யாருக்குக் குளிர்கிறது?

வைத்தியத்தில் இறங்குமுன் ஒரு சிறு சோதனை செய்தல் வேண்டும். வீட்டில் உள்ள மற்றொருவர் தம் புறங்கையை உங்கள் இரு பாதங்களிலும் மாறி மாறி வைத்துப் பார்க்கட்டும். மூன்றில் ஒன்று புலப்படும்.

இரு பாதங்களும் ஒரே அளவில் குளிர்ந்திருந்து, வெந்நீரிலோ நடையிலோ சூடேறிவிட்டால், பெரும்பாலும் அது ஈரம், பருவம், அமர்ந்த வேலை ஆகியவற்றின் விளைவு. வீட்டு வைத்தியம் இதற்கே உரியது.

உங்களுக்குக் குளிர்வதாகத் தோன்றுகிறது, தொட்டவருக்கோ பாதம் சூடாக இருக்கிறது என்றால், பழுது இரத்தத்தில் இல்லை, நரம்பில் இருக்கலாம். நீரிழிவு நெடுநாள் கட்டுக்கு அடங்காமல் இருந்தாலும், பி12 என்னும் உயிர்ச்சத்துக் குறைந்தாலும் இவ்வாறு நேரும்.

ஒரு பாதம் மட்டும் குளிர்ந்து, மற்றொன்று சூடாக இருந்தால் அந்தக் காலின் இரத்தக் குழாயில் அடைப்பு உண்டோ என்று ஐயுறவேண்டும்.

இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் எண்ணெயும் கஷாயமும் மருந்தல்ல. மருத்துவரிடம் செல்வதே வழி.

வீட்டில் செய்யத்தக்கவை

முதலாவது, உலர்த்துதல். புஞ்சையிலிருந்து வந்ததும் கரிசலைக் கழுவி, விரல் இடுக்குகள் உட்பட உலர்ந்த துணியால் ஒற்றித் துடைக்கவேண்டும். இடுக்கில் நின்ற ஈரமே சேற்றுப்புண்ணுக்கு வித்து.

இரண்டாவது, வெந்நீர். அகன்ற பாத்திரத்தில் கணுக்கால் மூழ்கும் அளவுக்கு இளஞ்சூடான நீர் ஊற்றிப் பத்து அல்லது பதினைந்து நிமிடம் பாதங்களை வைத்திருக்கலாம். நீரின் சூட்டைப் பாதத்தால் பார்த்தல் கூடாது. முழங்கையை விட்டுப் பார்க்கவேண்டும். கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் சூடு போதுமானது. பிறகு ஈரம் போகத் துடைத்து, உடனே போர்த்திக்கொள்ளவேண்டும். துடைக்காமல் விட்டால் நீர் ஆவியாகும்போது முன்னிலும் அதிகமாகக் குளிரும்.

மூன்றாவது, எண்ணெய். இரண்டு கரண்டி நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கி, விரல் நுனியிலிருந்து கெண்டைக்கால் வரை மேல்நோக்கித் தேய்க்கலாம். பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சுவோரும் உளர். உண்மையில் சூட்டை வருவிப்பது எண்ணெயினும் தேய்க்கும் கையே. எண்ணெய் தோலைப் பதமாக வைத்துப் பித்தவெடிப்பைத் தடுக்கிறது. தேய்ப்பு இரத்தத்தை ஓட்டுகிறது. விரல் இடுக்கில் எண்ணெய் தேங்கவிடலாகாது. கற்பூரம் கலந்த தைலங்களைக் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைக்கவேண்டும். விழுங்கினால் அது நஞ்சு.

நான்காவது, ஒற்றடம். வறுத்த தவிட்டையோ கல்லுப்பையோ துணியில் முடிந்து ஒற்றுவதும், நொச்சி இலை, ஆமணக்கு இலை ஆகியவற்றை வதக்கி ஒற்றுவதும் நம் மூதாட்டியர் கண்ட முறைகள். இளஞ்சூடாக இருந்தால் இதமளிக்கும். முடிச்சை முதலில் ஒற்றடம் கொடுப்பவர் தம் முன்கையில் வைத்துப் பார்த்துக்கொள்வது அவசியம்.

ஐந்தாவது, அசைவு. இதற்குக் காசு செலவில்லை; ஆயினும் யாவற்றினும் பயன் மிக்கது இதுவே. மணிக்கு ஒருமுறை தறியை விட்டு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை உயர்த்தித் தாழ்த்துவதை இருபது முறை செய்யவேண்டும். மிதிகட்டையை மிதிப்பதே போதாதோ என்று கேட்கலாம். மிதிக்கும்போது பாதம் அசைகிறது என்பது மெய்யே. ஆனால் அமர்பலகையின் விளிம்பு தொடையின் அடிப்புறத்தை அழுத்திக்கொண்டேயிருக்கிறது. பலகையின் விளிம்பை மழுக்கி, மடித்த கோணியொன்றை இடுவது நலம். தீப்பெட்டி வேலையில் சம்மணமிட்டு நெடுநேரம் அமரும் சகோதரிகளுக்கும் இந்த எழுந்து நிற்றல் பொருந்தும்.

ஆறாவது, உடை. காலை மட்டும் மூடுவதினும் உடம்பை மூடுவது மேல். மார்பும் முதுகும் சூடாக இருந்தால், உடல் தன் சிக்கனத்தைத் தளர்த்திக் காலுக்கு இரத்தத்தை அனுப்பும். காலுறை இறுக்கமாக இருத்தல் ஆகாது. நனைந்தால் உடனே மாற்றவேண்டும்.

உணவும் உடல்நிலையும்

சுக்கும் மல்லியும் கருப்பட்டியும் சேர்த்த காப்பியை அருந்தினால் வயிறும் வாயும் சூடாகி, வியர்வை துளிர்க்கிறது. இதமானதே; ஆனால் அது நீடிப்பதில்லை. நாள்தோறும் குளிரும் காலுக்குப் பின்னால் சோகை இருக்கிறதா என்று பார்ப்பதே முறை. இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைந்தால் களைப்பும் மூச்சு வாங்குதலும் கைகால் குளிர்தலும் தோன்றும். 2019–21 ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்குச் சோகை உள்ளது. "எனக்கு எப்போதும் கால் சில்லென்றிருக்கும், அது என் உடம்பு வாகு" என்று மனைவியோ மகளோ சொன்னால், அதை உடம்பு வாகு என்று தள்ளிவிடவேண்டாம், இரத்தச் சோதனை ஒன்று செய்துவிடுக.

கம்பும் முருங்கைக்கீரையும் எள்ளும் பயறு வகைகளும் நம் புஞ்சையிலும் கொல்லையிலும் விளைபவை. இவற்றோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் இரும்புச்சத்து உடலில் நன்கு ஏறும். சாப்பிட்டவுடனே தேநீர் குடித்தால் ஏறாது. ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். பாலும் முட்டையும் மீனும் பி12 சத்தைத் தரும். ஆனால் சோகை மிகுந்துவிட்டால் உணவு மட்டும் போதாது. மருத்துவர் தரும் மாத்திரை வேண்டும்.

கழுத்தில் உள்ள தைராய்டுச் சுரப்பி மந்தப்பட்டாலும் உடல் முழுவதும் குளிரும். களைப்பு, மலச்சிக்கல், உடல் பருத்தல், தோல் வறட்சி ஆகியவை உடன் தோன்றும். இதற்கும் ஓர் இரத்தச் சோதனை போதும். இரத்தக் கொதிப்புக்குத் தரும் மாத்திரைகளில் சில வகைகளும் கைகாலைக் குளிரச் செய்வதுண்டு. அதைத் தாமாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளவேண்டும்.

செய்யத் தகாதவை

குளிருக்குப் புகை நல்லது என்று விடியற்காலையில் பீடியைப் பற்றவைப்போர் உளர். இதைவிடப் பெரிய தவறு இல்லை. புகையிலை இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. 1908-இல் நியூயார்க் நகரில் லியோ பூர்கர் என்னும் மருத்துவர் ஒரு நோயை விவரித்தார். புகை பிடிக்கும் இளவயது ஆடவரின் கைகால்களில் இரத்தக் குழாய்கள் அழன்று அடைபடுகின்றன. முதலில் பாதம் குளிர்கிறது. பின்பு நடந்தால் வலி. பின்பு விரலில் ஆறாத புண். முடிவில் விரல் கறுத்து அழுகுகிறது. நம் நாட்டில் பீடி குடிக்கும் ஏழை உழைப்பாளர்களிடையே அது இன்றும் காணப்படுகிறது. புகையிலையை அறவே விடுவதுதான் அதற்கு முதன்மையான மருந்து. பாதியாகக் குறைத்தேன் என்பது அங்கே செல்லாது.

மதுவும் அவ்வாறே ஏமாற்றும். அது தோலின் குழாய்களை விரித்துச் சூடேறியதுபோல் காட்டும். உண்மையில் உள்ளிருக்கும் சூடு வெளியே போய்விடும்.

இனிச் சொல்லப்போவது மிகவும் முக்கியமானது. எட்டயபுரம் சாலையோரச் சிற்றூர் ஒன்றில் நெசவாளர் ஒருவரை யாம் அறிவோம். கால் குளிர்கிறது என்று இரவில் செங்கலைச் சூடாக்கித் துணி சுற்றிப் பாதத்தடியில் வைத்துக்கொண்டு உறங்கினார். காலையில் குதிகாலில் கொப்புளம். சுட்டது அவருக்குத் தெரியவே இல்லை. அவருக்கு நீரிழிவு இருந்ததும், பாதத்தில் உணர்ச்சி குன்றியிருந்ததும் அந்தப் புண்ணைக் காட்டச் சென்றபோதுதான் தெரிந்தது. புண் ஆற நான்கு மாதம் பிடித்தது. அதுவரை தறியில் பாவு அப்படியே கிடந்தது; தைப்பொங்கலுக்கு நெய்து தரவேண்டிய சேலைகள் நின்றன; வீட்டார் கடன் வாங்கி உண்டனர். பாதத்தை இழக்காமல் தப்பியது அவர் நற்பேறு.

ஆகவே, நீரிழிவு உள்ளவர்களும், கால் மரத்திருப்பவர்களும் வெந்நீர், ஒற்றடம், சூடான செங்கல், நெருப்புச் சட்டி ஆகியவற்றைக் காலுக்கு அருகே கொண்டுவரலாகாது. அவர்களுக்கு உலர்ந்த துணியும் தளர்ந்த காலுறையும் போர்வையுமே வைத்தியம்.

உணர்ச்சி இருக்கிறதா என்று அறிய, இங்கிலாந்தில் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் வகுத்த எளிய முறையொன்று உண்டு. சோதிக்கப்படுபவர் கண்ணை மூடிக்கொள்ள, மற்றொருவர் தம் சுட்டுவிரல் நுனியால் இரு பாதங்களிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனிகளை ஒவ்வொன்றாக மெல்லத் தொடவேண்டும். அழுத்தவோ தட்டவோ கூடாது. தொட்ட ஆறு இடங்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிட்டால் உணர்ச்சி குன்றியிருக்கிறது என்று பொருள். தாமதமின்றி மருத்துவரைக் காணவேண்டும். தோலில் வெளிறிய, உணர்ச்சியற்ற தேமல் இருந்தாலும் மறைத்து வைக்கவேண்டாம். தொழுநோயாக இருப்பினும் அதற்கு அரசு மருத்துவமனைகளில் இலவசமாக மருந்து உண்டு, முற்றும் குணமாகும்.

எப்போது உடனே செல்லவேண்டும்?

சிறிது தூரம் நடந்ததும் கெண்டைக்கால் வலித்து, நின்றதும் நீங்கினால். விரலின் நிறம் வெளுத்தோ நீலித்தோ கறுத்தோ மாறினால். காலில் ஒரு புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால், மருத்துவமனைக்குச் செல்க. ஒரு கால் திடீரென்று வெளுத்துச் சில்லிட்டுக் கடுமையாக வலித்தால், அது இரத்தக் குழாய் அடைத்ததன் அறிகுறியாகலாம். அப்போது எண்ணெய் தேய்த்துக்கொண்டு விடியும்வரை காத்திருத்தல் ஆகாது. சில மணி நேரத்திற்குள் சிகிச்சை கிடைத்தால் கால் தப்பும். 108 வண்டியை அழைத்து உடனே புறப்படவேண்டும்.

சங்கம் செய்யக்கூடியது

தனி ஒருவர் தம் காலைத் துடைத்துக்கொள்ளலாம்; தறிக்குழியின் ஈரத்தை நீக்குவது பல வீடுகளில் தனியொருவரால் இயலாது. குழியின் சுவருக்குச் செங்கல் வைத்துச் சிமிட்டி பூசுதல், குழியைச் சுற்றி நாலு விரல் உயரத்திற்கு வரப்புக் கட்டுதல், அடியில் மரப்பலகையோ தென்னைநார்ப் பாயோ இடுதல், மழைக்காலத்திற்கு முன்பே கூரையின் ஒழுக்கைச் சரிபார்த்தல் ஆகியவற்றைச் சங்கம் ஒன்றாகத் திட்டமிட்டுச் செய்தால் செலவும் குறையும். வாய்ப்புள்ள இடங்களில் தரைக்கு மேல் நிற்கும் தறிகளைப் பற்றியும் நிர்வாகக் குழு ஆலோசிக்கலாம்.

கூலி பட்டுவாடா செய்யும் நாளில் சுகாதாரச் செவிலியரை வரவழைத்து, சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, சோகை ஆகியவற்றுக்குச் சோதனை நடத்தலாம். 2021-இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் கொதிப்புக்கும் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. இதில் பெயர் சேர்க்காத அங்கத்தினர்களுக்குச் சங்கச் செயலாளர் வழிகாட்டலாம்.

1904-இல் கூட்டுறவுச் சட்டம் பிறந்தபோதும், 1935-இல் மாகாணக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியபோதும், தனித்து நின்றவர்க்குக் கிடைக்காத கடனும் நூலும் சந்தையும் சேர்ந்து நின்றவர்க்குக் கிடைக்கவேண்டும் என்பதே நோக்கமாக இருந்தது. உடல் நலத்திற்கும் அவ்விதியே பொருந்தும். தம் பாதத்தின் அடிப்புறத்தைத் தாமே பார்ப்பது கடினம். அடுத்தவர் பார்த்துச் சொல்வது எளிது. ஆகவே, இந்த மாதம் முதல் வாரத்திற்கு ஒருநாள், வெள்ளி இரவோ ஞாயிறு காலையோ, கணவன் காலை மனைவியும், தாய் காலை மகனும் விளக்கருகே வைத்துப் பார்த்துவிடுவது என்று ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொள்வோமாக. குளிர்கிறதா, மரத்திருக்கிறதா, புண் உண்டா என்னும் மூன்று கேள்விகளும் ஐந்து நிமிடமும் போதும். தறியையும் ஏரையும் தாங்கி நிற்கும் கால்களுக்கு அவ்வளவேனும் நாம் செய்யக் கடமைப்பட்டுள்ளோம்.